‘அவிய’ என்றால் எத்தனை பேர்

அரசு வழக்கறிஞர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சட்டம் சொல்லித்தரப் போவதில்லை. பிரிவு எண்கள் எல்லாம் இப்போது மாறிவிட்டன. நான் பழைய எண்ணைச் சொல்ல, நீங்கள் புதிய எண்ணைச் சொல்லித் திருத்த, பாதி நேரம் அதிலேயே போய்விடும். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடத்திய ஒரு வழக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது நான் ஜெயித்த வழக்கா, தோற்ற வழக்கா என்பதில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் வரும் வழியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஒரு கம்பெனி இருந்தது. கம்பெனி பஸ்களைக் குறைத்துவிட்டார்கள் என்று அங்கே தகராறு. இரண்டாவது ஷிப்ட் முடித்து வரும் பெண்கள் ரோட்டோரம் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் ஆண்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு யார்டில் கூடிக் கோஷம் போட்டார்கள். தையல் லைன் பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். இரண்டு பையன்கள் காலி அட்டைப் பெட்டிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அன்றைக்கென்று நல்ல காற்று. எரிந்த அட்டை ஒன்று பறந்துபோய்ப் பக்கத்திலிருந்த பேக்கிங் ஸ்டோருக்குள் விழுந்தது. உள்ளே முழுக்க பஞ்சும் பிளாஸ்டிக்கும்.

அந்த ஸ்டோருக்குள் சூப்பர்வைசர் ஏழுமலை இருந்தார். அந்தப் பகுதிக்காரர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை. யார்டு பக்கத்து ஷட்டரைத் தீ பிடித்துக்கொண்டதால் அவர் தையல் லைன் பக்கம் இருந்த சின்னக் கதவுக்கு ஓடியிருக்கிறார். அந்தக் கதவு மறுபக்கம் தாழ் போட்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்து எடுத்தபோது அவருக்கு நினைவில்லை. பிழைப்பாரா என்பதே வெகுநாள் சந்தேகமாக இருந்தது. பிழைத்தார்.

“ஆளை உள்ளே வைத்துப் பூட்டிக் கொளுத்தினார்கள்” என்று டிவியில் ஓடியது. கோஷம் போட்டவர்களில் முன்னால் நின்ற ஆறு பேரைக் கைது செய்தார்கள். கொலை முயற்சி, தீ வைப்பு. ஸ்ரீபெரும்புதூர் முதல் மறைமலை நகர் வரை எந்தக் கேன்டீனில் உட்கார்ந்தாலும் இதே பேச்சு. கட்சிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஆறு பையன்களும் ஜாமீன் கேட்டு ஒவ்வொரு கோர்ட்டாகப் போனார்கள். எல்லா உத்தரவும் ஒரே இடத்தில் வந்து நின்றது. தீ வைத்ததை ஆத்திரம் என்று சொல்லலாம். ஆள் இருக்கும் அறையின் கதவைத் தாழ் போட்டதை ஆத்திரம் என்று சொல்ல முடியாது, அதில் கொல்லும் எண்ணம் தெரிகிறது. ஜாமீன் இல்லை. செஷன்ஸ் கோர்ட்டில் அந்த வாதத்தை வைத்தவள் நான்தான்.

கதவு அடைக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஒருத்தி. அவள் பெயரை வெளியிடக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருப்பதால் மேரி என்று வைத்துக்கொள்கிறேன். திருச்செந்தூர் பக்கத்துப் பெண். மண்ணூரில் நாலு பெண்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கி, தையல் லைனில் வேலை பார்த்தாள். போலீஸ் விசாரணையில் அவள் சொன்னதாக எழுதியிருந்தது: “அவர்கள் கதவை அடைத்ததைப் பார்த்தேன்.”

அவள் சாட்சி சொல்ல வந்த நாளில் கோர்ட் வளாகத்தில் கேமராக்கள் நிறைந்திருந்தன. நீதிபதி முதல் வேலையாக, காரிடாரில் ஒரு கேமரா இருக்கக் கூடாது, சாட்சியின் முகமோ பெயரோ எங்கேயும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிய பெண் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரிகள் ஆறு பேரையும் அடையாளம் காட்டச் சொன்னேன்.

“இவனுவ ஆறு பேரும் யார்டுல நின்னானுவ. சத்தம் போட்டானுவ” என்றாள்.

“லைன் பக்கத்துக் கதவை அடைத்தது யார் என்று பார்த்தீர்களா?”

“பாத்தேன். அவியதான் அடச்சாவ.”

நீதிபதி அதை ஆங்கிலத்தில் டிக்டேட் செய்தார். அவர்கள்தான் கதவை அடைத்தார்கள் என்று பதிவானது. நான் உட்கார்ந்துவிட்டேன். நல்ல பதில் கிடைத்ததும் மேலே கேட்காமல் உட்கார வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. அவரும் கதவின் பக்கமே போகவில்லை. வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரத்தில் நின்றாய் என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டு முடித்துக்கொண்டார். சாட்சியத்தைத் தமிழில் படித்துக் காட்டினார்கள். “அவர்கள் அடைத்தார்கள்” என்று வந்த இடத்திலும் மேரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். கோர்ட் கலைந்தது.

வெளியே காரிடாரில் ஏட்டம்மா தனலட்சுமி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பஸ் ஏற்றிவிடச் சொல்லலாம் என்று நான் பக்கத்தில் போனேன்.

“மேடம், நான் சொன்னதுனால அவியளுக்கு ஒண்ணும் வராதுல்லா?” என்று கேட்டாள் மேரி.

“வராம எப்படிம்மா? கொலை முயற்சி. ஆறு பேருக்கும் தண்டனை கிடைக்கும்.”

அவள் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தாள். “ஆறு பேரா? அடச்சது ஒருத்தவியதானே மேடம். நான் அவியளத்தானே சொன்னேன்.”

“யாரை?”

“எங்க சாரத்தான். மேனேஜர் சார.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போய்விட்டாள்.

ஏட்டம்மா என்னைப் பார்த்தார். “இன்னா மேடம் சொல்லுது இந்தப் பொண்ணு? எங்கூர்ல ஒரு ஆம்பளைய மரியாதையா சொல்லணும்னா அவருன்னுவோம். அவுங்கன்னா நாலு பேரு இல்ல?”

நானும் அவர் ஊர்ப்பக்கம்தான். எனக்கும் அப்படித்தான் காதில் விழுந்திருந்தது. தெற்கே பெரியவர் ஒருவரை, ஒரே ஆளாக இருந்தாலும், ‘அவிய’ என்பார்கள். வந்தாவ, போனாவ, அடச்சாவ. தன் வயதுப் பையன்களைச் சொல்லும்போது அவள் இவனுவ, நின்னானுவ என்றாள். அடுத்த பதிலிலேயே அவிய, அடச்சாவ என்று மாறினாள். கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டோம். போலீஸ் எழுதியபோதும் இதேதான் நடந்திருக்க வேண்டும். படித்துக் காட்டியபோது வந்த ‘அவர்கள்’ அவளுக்கு மரியாதைச் சொல். அதனால் தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்தப் பையன்கள் தீ வைத்ததற்காக உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்களை ஜாமீனில் விடாததற்குக் கதவுதான் காரணம் என்று தினம் ஷிப்டுக்குப் போய் வரும் பெண்ணுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாட்சியம் பதிவாகிவிட்டது. அரசுத் தரப்புக்குச் சாதகமாகப் பதிவாகியிருக்கிறது. எதிர்த்தரப்புக்கு விஷயம் தெரியாது. காரிடாரில் ஒரு பெண் டீ குடித்துக்கொண்டே சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை.

விசாரணை செய்த இன்ஸ்பெக்டரிடம் முதலில் சொன்னேன். நல்ல அதிகாரி, கடுமையாக உழைத்தவர். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“மேடம், அந்தப் பொண்ண யாராவது பாத்துப் பேசியிருப்பாங்க. கூட வேல செஞ்ச பசங்க, பாவம்னு மனசு மாறியிருக்கும். நீங்க ஏன் இத தலையில எடுத்துப் போட்டுக்கிறீங்க?”

“மாறினா சாட்சியை மாத்திச் சொல்லியிருப்பாளே சார். தான் சொன்னது சரியாப் பதிவாகியிருக்குன்னு நினைச்சுத்தானே எங்கிட்ட கேட்டா.”

“நாளைக்கு டிவியில இன்னா சொல்லுவான் தெரியுமா? அரசு வக்கீலே விலை போயிட்டாங்கன்னு சொல்லுவான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பெண் பிள்ளை என்பதையும் சேர்த்துப் பேசுவார்கள் என்று தெரியும். என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“உன் கேஸை நீயே உடைக்கப் போறேன்னு சொல்றே.”

“சாட்சி என்ன சொன்னான்னு கோர்ட்டுக்குத் தெரியணும் சார். அதுக்கப்புறம் கேஸ் நின்னா நிக்கட்டும், விழுந்தா விழட்டும்.”

“சரி. மனுப் போடு. ஆனா அந்தப் பொண்ணு எந்தச் சொல்லைச் சொன்னாளோ அதை மட்டும் எழுது. நீ புரிஞ்சுக்கிட்டதை எழுதாதே.”

எனக்குக் கிடைத்த யோசனைகளில் இவ்வளவு உதவியாக இருந்தது வேறு இல்லை. மனுவில் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாட்சி ‘அவிய’ என்று சொன்னார், அந்தச் சொல்லின் பொருளில் தெளிவு தேவைப்படுகிறது, திரும்ப விசாரிக்க அனுமதி வேண்டும். அவ்வளவுதான்.

மனு விசாரணைக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார். நான் ஏதோ பொறி வைக்கிறேன் என்று நினைத்து, பதில் சொல்ல அவகாசம் கேட்டார். கம்பெனி சார்பில் எங்களுக்கு உதவியாக இருந்த வக்கீல் பலமாக எதிர்த்தார். முடிந்துபோன சாட்சியத்தைக் கிளறுவது ஆபத்து, அரசுத் தரப்பு தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்த சட்டம் இடம் தராது என்றார்.

நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “தண்டனை வாங்கித் தருவதற்கு மட்டும்தான் சாட்சியைத் திரும்ப அழைக்கலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? சரியான முடிவுக்கு வருவதற்குத் தேவை என்றால் அழைக்கலாம். எனக்கும் அந்தச் சொல் புரிந்ததாகத்தான் நினைத்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.”

மனுவை அனுமதித்தார். கூடவே இரண்டு நிபந்தனைகள். அரசு வக்கீல் பதிலைத் தூண்டும் கேள்வி எதுவும் கேட்கக் கூடாது. சாட்சி சொல்லும் வார்த்தைகளை, அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே, தமிழில் எழுத வேண்டும்.

உத்தரவு வாங்குவது எளிதாகிவிட்டது. மேரியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மண்ணூர் ரூமைக் காலி செய்துவிட்டாள். கம்பெனியையும் விட்டுவிட்டாள். ஏட்டம்மா விசாரித்து விசாரித்து, அவள் மறைமலை நகரில் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்து சம்மனைக் கொடுத்தார்.

வாய்தா அன்று காலையில் என் அறைக்கு வந்தாள். ஊரில் இருந்து வந்திருந்த அண்ணன் வாசலில் நின்றார்.

“நான் சொல்ல மாட்டேன் மேடம்” என்றாள் உட்காருவதற்கு முன்னாலேயே. “எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப லீவு தந்து, கோயம்பேடு வர கார் அனுப்பி, பஸ் ஏத்திவிட்டது அவியதான். எங்கூர்ப் பக்கத்து ஆளு. அவிய பேர என் வாயால சொல்லச் சொல்லாதிய.”

“என்ன சொல்லணும்னு நான் உனக்குச் சொல்லவே மாட்டேன். சொல்லவும் கூடாது.”

“அந்தப் பயலுவள நெனச்சாலும் பாவமாத்தான் இருக்கு. ராத்திரி சோறே எறங்கல.”

“கேள்வி கேப்பேன். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைச் சொல்லாதே. அவ்வளவுதான் உன் வேலை. அதுல யாருக்கு என்ன வருங்கறதை முடிவு பண்ண மேலே ஒருத்தர் உக்காந்திருக்கார்.”

அவள் சமாதானமாகவில்லை. ஆனாலும் கூண்டில் ஏறினாள்.

நான் கேட்க முடிந்தது ஒரே கேள்விதான். “போன தடவை, ‘அவியதான் அடச்சாவ’ என்று சொன்னீர்கள். அவிய என்று யாரைச் சொன்னீர்கள்?”

பதில் வரவில்லை. எதிரிகள் ஆறு பேரும் நின்ற இடத்தில் யாரோ ஒருவன் தொண்டையைச் செருமினான். நான் கேள்வியைத் திரும்பக் கேட்க வாயெடுத்தேன். நீதிபதி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சாட்சிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் குடிக்கும்வரை காத்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, முப்பது வருஷ வக்கீல் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை.

“எங்க மேனேஜர் சாரத்தான் சொன்னேன்” என்றாள். “இவனுவ யாரும் லைன் பக்கமே வரல. சார்தான் ஓடி வந்தாவ. கதவ இழுத்து அடச்சாவ. எங்கள எல்லாம் வெளிய போங்கட்டின்னு வெரட்டுனாவ. உள்ள ஆள் இருக்குன்னு அவியளுக்குத் தெரியாதுய்யா.”

டைப்பிஸ்ட் விரலை நிறுத்திவிட்டு, “அடச்சாவ... இதை எப்படி சார் அடிக்கிறது?” என்று கேட்டார். “எப்படிக் காதில் விழுகிறதோ அப்படி அடியுங்கள்” என்றார் நீதிபதி. கோர்ட்டில் அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான். மேரிகூட லேசாகச் சிரித்தாள்.

அன்று மதியமே ஆறு பேருக்கும் ஜாமீன் உத்தரவானது. நான் எதிர்க்கவில்லை. விஷயம் வெளியே போனால் டிவியில் என்ன சொல்வார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தாரோ, அதையே இரண்டு சேனல்களில் சொன்னார்கள். என் தங்கை போன் செய்து அழுதாள். நான் டிவியை அணைத்துவிட்டு மறுநாள் வழக்குகளைப் படித்தேன். அந்த வசவெல்லாம் ஒரு வாரத்தில் ஓய்ந்துபோயிற்று. உங்களுக்கும் ஒருநாள் வரும். ஓய்ந்தும் போகும்.

அடுத்த சாட்சி மேனேஜர். போலீஸிடம் அவர், யார் கதவை அடைத்தார்கள் என்று கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தார். கோர்ட்டில் இன்னும் சத்தியம் செய்து எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை. கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “லைன் பக்கத்துக் கதவை அடைத்தது யார்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்தார். “ஐயா, இதுக்கு நான் பதில் சொல்லித்தான் ஆகணுமா? சொன்னா எனக்குப் பாதகமா வரும்.”

நீதிபதி சட்டப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, அந்தப் பிரிவைத் தானே படித்துவிட்டு, தமிழில் நிதானமாகச் சொன்னார். “பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இது என் உத்தரவு. ஆனால் நான் கட்டாயப்படுத்தி நீங்கள் சொல்கிற பதிலை வைத்து உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. பொய் சொன்னால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. புரிந்ததா?”

“புரியுதுய்யா.” கம்பியிலிருந்து கையை எடுத்தார். “நான்தான் அடைச்சேன். ஏழுமலை வெளிய போயிட்டாருன்னு நெனச்சேன். லைன்ல பூரா பொம்பளப் பிள்ளைங்க. தீ உள்ள வந்துச்சுன்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க. அதான் அடைச்சுத் தாழ் போட்டேன். மறுநாள் டிவியில, பூட்டிக் கொளுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் வாயத் தெறக்க எனக்குத் தைரியம் வரல.”

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

தீர்ப்பில் கொலை முயற்சி, தீ வைப்புக் குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. நாலு பேர் விடுதலை. அட்டையைக் கொளுத்திய இரண்டு பேருக்கு, தீயை அலட்சியமாகக் கையாண்டதற்குத் தண்டனை. ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே போதும் என்று சொல்லி அவர்களையும் அனுப்பிவைத்தார் நீதிபதி. அந்த இரண்டு பேரும் தீர்ப்பைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் செய்தது தப்புதான் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் தண்டனையை அரசுத் தரப்பின் வெற்றி என்று சொல்வாரும் உண்டு. பேப்பரில் மட்டும் அரசுத் தரப்புக்குப் பின்னடைவு என்று போட்டார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் வேறு கேஸ் விஷயமாக வந்தவர், தெற்கத்திப் பெண் ஒருத்தியின் வாக்குமூலத்தை என் முன்னால் வைத்து, “இத ஒரு தபா படிச்சிப் பாருங்க மேடம், நான் எழுதினது சரியா கீதான்னு” என்றார். அதற்குமேல் அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மேரி அதே மறைமலை நகர் கம்பெனியில் இப்போது லைன் லீடர். மேனேஜரை அவள் ஊருக்குப் போகும் வழியில் பஸ்ஸில் பார்த்ததாகவும், அவரே எழுந்து வந்து அம்மா எப்படியிருக்கிறாள் என்று விசாரித்ததாகவும் ஏட்டம்மா சொன்னார்.

தீர்ப்பு அன்று ஏழுமலை கோர்ட்டுக்கு வந்திருந்தார். இடது கையின் தோல் சுருங்கிப் பளபளவென்றிருந்தது. மனைவி அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி கூட நின்றார். பாதிக்கப்பட்ட மனிதர் அவர். அவருக்காக வாதாட வேண்டியவள் நான். இந்தத் தீர்ப்பு அவருக்கு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தப்பித்துப் போகவும் மனம் வராமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

“மேடம், ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் என் காதுல மொதல்ல விழுந்தது இதான். ஆறு பேரு உன்ன உள்ள வெச்சி பூட்டிக் கொளுத்திட்டானுங்கன்னு. அதுல மூணு பசங்களுக்கு நான்தான் வேல கத்துக் குட்த்தேன். சாப்பாடு கூட ஒண்ணா குந்திகினுதான் துன்னுவோம். அவனுங்களுக்கு நான் இன்னா பண்ணேன், எதுல தப்பு பண்ணேன்னு யோசிச்சிகினே கெடந்தேன். கையி எரிச்சல் கூட தெர்ல, இதான் அரிச்சிக்கினு இருந்திச்சி.” இடது கையைத் தடவிக்கொண்டார். “யாரும் என்ன சாவடிக்கப் பாக்கல இல்ல மேடம்?”

“இல்ல ஏழுமலை. யாரும் பாக்கல.”

அவர் தலையை ஆட்டினார். எதையோ மறுபடி ஒருமுறை மனசுக்குள் சரிபார்த்துக்கொள்வதுபோல இருந்தது. பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றார்.